ஒளியின் வேகமும் ஒரு கிலோ இறாலும்

பொன்னேரியிலிருந்து வடகிழக்காகச் செல்லும் சாலை, வயல்களையும் உப்பங்கழிகளையும் கடந்து, ஒருபுறம் ஏரியும் மறுபுறம் வங்கக் கடலுமாக விரிந்து கிடக்கும் பழவேற்காட்டில் போய் முடிகிறது. டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டி வாணிகம் நடத்திய அந்தப் பழைய துறைமுகத்தைச் சுற்றியுள்ள குப்பங்களில் வாழும் மீனவர்களுக்கு, விண்வெளி விஞ்ஞானம் என்பது பத்திரிகையில் படித்து அறியும் விஷயமன்று. ஏரிக்கும் கடலுக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்து ராக்கெட் விடும் நாள்களில், கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு முன்கூட்டியே வந்துவிடுவதால், வலையைக் கரையில் போட்டுவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்து நிற்பதும் அவர்களுடைய தொழில் வாழ்க்கையோடு சேர்ந்துபோன சங்கதியாகிவிட்டது.

அப்படிப் பார்த்து நிற்பவர்களுக்கு இயற்கை ஒரு பாடத்தைக் கட்டணமின்றி நடத்துகிறது. ஏவுதளம் பழவேற்காட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால், தீப்பிழம்பு எழுந்து, புகைத்தூண் நீண்டு, ராக்கெட் மேகத்தைத் துளைத்துக்கொண்டு வெகு உயரம் போகும் வரையில் எங்கும் நிசப்தமே நிலவுகிறது. ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் கழிந்த பிறகுதான், நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய செய்தியைப் போல, அதன் உறுமல் வந்து சேருகிறது. ஒலி ஒரு விநாடியில் ஒரு கிலோமீட்டரின் மூன்றில் ஒரு பங்கைத்தான் கடக்கும். ஒளியோ ஒரு விநாடியில் 2,99,792 கிலோமீட்டர் செல்வது; ஏவுதளத்துத் தீயின் வெளிச்சம் பழவேற்காட்டுக் கரைக்கு வர, விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய காலமே அதற்கு வேண்டியிருக்கிறது.

1971 அக்டோபர் 9-ஆம் நாள் ரோகிணி என்னும் சிறிய ஆராய்ச்சி ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதன்முதலாக எழும்பியது. 1980 ஜூலை 18-இல் எஸ்.எல்.வி.-3 ஒரு துணைக்கோளை வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. 2023-இல் சந்திரயான்-3 நிலவுக்கும், ஆதித்யா எல்-1 சூரியனை ஆராய்வதற்கும் அங்கிருந்தே புறப்பட்டன. 2025 ஜனவரி 29-இல் அந்தத் தீவின் நூறாவது ஏவுதலும் நடந்தேறியது. இந்த அரை நூற்றாண்டில் ராக்கெட்டுகளின் வலிமை பன்மடங்கு பெருகியிருப்பதைக் கண்ணாரக் கண்ட ஒருவர், இந்தப் பெருக்கம் இப்படியே தொடர்ந்தால் ஒருநாள் ஒளியின் வேகத்தையே எட்டிப் பிடித்துவிடலாமே என்று எண்ணினால், அந்த எண்ணத்தில் அபத்தம் ஏதுமில்லை. நியூட்டன் 1687-இல் வகுத்துத் தந்த இயக்க விதிகளை மட்டும் கற்றவர் எவரும் அப்படித்தான் எண்ணுவார். தள்ளத் தள்ள வேகம் கூடும். இன்னும் தள்ளினால் இன்னும் கூடும். இதற்கு முடிவு ஏன் இருக்க வேண்டும்?

ஆயினும் முடிவு இருக்கிறது. எடையுள்ள, அதாவது விஞ்ஞானிகள் நிறை என்று சொல்லும் குணத்தையுடைய எந்தப் பதார்த்தமும், அது இரும்பாயினும் இறாலாயினும் ஓர் எலெக்ட்ரானாயினும், ஒளியின் வேகத்தை நெருங்கலாமே ஒழிய அடைய முடியாது. இது நம்முடைய எந்திரங்களின் பலவீனத்தால் ஏற்பட்ட குறையா, அல்லது பிரபஞ்சத்தின் அமைப்பிலேயே பொதிந்துள்ள நியதியா என்பதுதான் ஆராயத்தக்க கேள்வி.

வல்லூரின் மின்சாரம் கொண்டு ஒரு கணக்கு

ஒளியோடு ஒப்பிடுகையில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. பூமியைத் தாழ்வாகச் சுற்றிவரும் துணைக்கோள் விநாடிக்குச் சுமார் ஏழரைக் கிலோமீட்டர் செல்கிறது. இது ஒளியின் வேகத்தில் நாற்பதினாயிரத்தில் ஒரு பங்கு. மனிதன் செய்த கருவிகளுள் மிகுந்த வேகம் பெற்றதாகிய பார்க்கர் என்னும் அமெரிக்க விண்கலம், 2024 டிசம்பர் 24-இல் சூரியனை நெருங்கிச் சுற்றியபோது விநாடிக்குச் சுமார் 192 கிலோமீட்டர் பாய்ந்தது. அதுவும் ஒளியின் வேகத்தில் ஆயிரத்தைந்நூறில் ஒரு பங்குக்குக் குறைவுதான்.

ஆகவே, ராக்கெட்டுகளை விட்டுவிட்டுச் சக்தியின் கணக்கைப் பார்ப்போம். பொன்னேரி வட்டத்திலேயே, மீஞ்சூரை அடுத்த வல்லூரில், 500 மெகாவாட் வீதம் மூன்று அலகுகளாக 1,500 மெகாவாட் மின்சாரம் உண்டாக்கவல்ல அனல்மின் நிலையம் இருக்கிறது. அந்த நிலையம் இராப்பகலாக முழுத்திறனில் ஓடி உண்டாக்கும் மின்சாரம் முழுவதையும், ஒரு யூனிட்டுகூட வீணாகாமல், ஒரு கிலோ இறாலை விரைந்து ஓடச் செய்வதற்கே செலவிடுவதாகக் கற்பனை செய்துகொள்வோம். நியூட்டனின் கணக்குப்படி, பதினோரு மாதமும் சில நாள்களும் மின்சாரம் கொடுத்தால் அந்த ஒரு கிலோ இறால் ஒளியின் வேகத்தை அடைந்துவிட வேண்டும். இன்னும் கொடுத்தால் அதைத் தாண்டியும் போக வேண்டும்.

உண்மையில் நடப்பது வேறு. ஒளியின் வேகத்தில் பாதியை அடைய 87 நாள் போதும் என்று நியூட்டன் கணக்குச் சொல்ல, இயற்கை 107 நாள் கேட்கிறது. வித்தியாசம் இங்கே சிறியது. ஆனால் பதினோரு மாதமும் சில நாள்களும் கழிந்து, நியூட்டன் கணக்குப்படி பிரயாணம் முடிந்திருக்க வேண்டிய தருணத்தில், இறால் ஒளியின் வேகத்தில் முக்கால் பங்கைக்கூட எட்டியிருக்காது. நூற்றில் தொண்ணூறு பங்கு வேகம் வேண்டுமானால் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு மின்சாரம் வேண்டும், தொண்ணூற்றொன்பது பங்கு வேண்டுமானால் பதினொன்றரை ஆண்டு, 99.9 பங்குக்கு நாற்பது ஆண்டு, 99.99 பங்குக்கு நூற்று முப்பத்திரண்டு ஆண்டு, 99.999 பங்குக்கு நானூற்றிருபது ஆண்டுக்கு மேல். பின்னத்தில் ஒவ்வோர் ஒன்பது கூடும்போதும் செலவு மூன்று மடங்குக்கு மேல் ஏறிக்கொண்டே போவதையும், அந்த ஒன்பதுகளின் வரிசைக்கு முடிவே இல்லாததையும் கவனித்தால், நூற்றுக்கு நூறு என்ற எண்ணுக்கு எதிரே எழுதப்பட வேண்டிய தொகை, வல்லூரைப் போல் லட்சம் நிலையங்களும், சூரியனும், சூரியனைப் போன்ற கோடானுகோடி நட்சத்திரங்களும் சேர்ந்து கொடுத்தாலும் தீராத முடிவிலி என்பது விளங்கும்.

இங்கே ஒரு தவறான எண்ணம் எழக்கூடும். ஏரியில் ஓடும் படகுக்கு இரட்டிப்புக் குதிரைத்திறன் கொண்ட இன்ஜின் பூட்டினாலும் வேகம் இரட்டிப்பதில்லை என்பதும், நீர் எதிர்த்துத் தள்ளுவதே அதற்குக் காரணம் என்பதும் பழவேற்காட்டில் எல்லோரும் அறிந்தவை; அதுபோல, வெட்டவெளியிலும் ஏதோ ஒன்று எதிர்த்துத் தள்ளுகிறது போலும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அங்கே எதிர்ப்பவர் எவருமில்லை. படகின் இன்ஜினை நிறுத்தினால் படகு நின்றுபோகும். வெட்டவெளியில் 99 பங்கு வேகம் பெற்ற பொருளோ, அதற்குமேல் ஒரு துளிச் சக்தியும் செலவழிக்காமல், அந்த வேகத்திலேயே யுகயுகமாகப் போய்க்கொண்டிருக்கும். நாம் கொடுத்த சக்தி எதுவும் தடையில் உராய்ந்து அழிந்துபோகவில்லை. முழுவதும் அந்தப் பொருளிடத்திலேயே இருக்கிறது. அது எதன் மீதாவது மோதினால் கடைசி யூனிட்டு வரையில் திருப்பிக் கொடுத்துவிடும். சக்தி ஏறுகிறது, மோதும் வலிமை ஏறுகிறது, வேகம் மட்டும் ஏறுவதில்லை. இந்த விசித்திரத்துக்குக் காரணம் தேடித்தான் நாம் 1905-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

பெர்ன் நகரத்துக் குமாஸ்தாவின் கேள்வி

ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் பதினாறு வயதுச் சிறுவனாக இருந்தபோது, ஓர் ஒளிக்கற்றையை அதே வேகத்தில் பின்தொடர்ந்து ஓடினால் அது எப்படித் தோன்றும் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டதாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கூட ஓடுபவனுக்கு ஒளி அசையாமல் நிற்பதுபோலத் தோன்ற வேண்டும். ஆனால் அசையாமல் நிற்கும் ஒளி என்பதை எந்தப் பரிசோதனையும் கண்டதில்லை, மின்காந்தவியலின் சமன்பாடுகளும் அதற்கு இடந்தருவதில்லை. 1887-இல் மைக்கல்சன், மார்லி என்ற இரு அமெரிக்கர்கள், பூமி சூரியனைச் சுற்றி ஓடும் வேகத்தால் ஒளியின் வேகம் திசைக்குத் திசை மாறுபடுகிறதா என்று மிக நுட்பமான கருவி கொண்டு சோதித்து, மாறுபாடே காணாமல் திகைத்தார்கள். ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் காப்புரிமை அலுவலகத்துச் சாதாரண உத்தியோகஸ்தராக இருந்த ஐன்ஸ்டைன், தமது இருபத்தாறாம் வயதில், அந்தத் திகைப்பைத் தீர்த்துவைக்கும் தம் சித்தாந்தத்தை எழுப்பினார். யார், எவ்வளவு வேகமாகச் சென்றுகொண்டு அளந்தாலும், வெற்றிடத்தில் ஒளியின் வேகம் அவருக்கு ஒன்றே என்பது அதன் சாரம்.

ஒப்புக்குக் கேட்டால் எளிமையாகத் தோன்றும் இந்த வாக்கியம் எவ்வளவு ஆழமானது என்பதை ஸ்ரீஹரிகோட்டாவின் ராக்கெட்டைக் கொண்டே காட்டலாம். பி.எஸ்.எல்.வி. நான்கு அடுக்குகளால் ஆனது. ஓர் அடுக்கு எரிந்து கழன்றதும் அடுத்தது, தான் பெற்றிருக்கும் வேகத்தின் மேல் புதிய வேகத்தைச் சேர்க்கிறது. அதைப் போலவே ஐந்து அடுக்குகளுள்ள ஒரு மாய ராக்கெட்டைக் கற்பித்து, ஒவ்வோர் அடுக்கும், அதில் ஏறியிருப்பவர்களின் அளவைப்படி, ஒளியின் வேகத்தில் பாதியைக் கூட்டவல்லது என்று கொள்வோம். சாதாரணக் கூட்டல்படி இரண்டாம் அடுக்கிலேயே ஒளியைப் பிடித்துவிட வேண்டும். ஆனால் எல்லோருக்கும் ஒளியின் வேகம் ஒன்றே என்றால், காலத்தையும் தூரத்தையும் பிரயாணியும் கரையில் நிற்பவரும் ஒரே அளவாக அளக்க முடியாது. பிரயாணியின் கடிகாரம் கரையிலிருந்து பார்ப்பவருக்கு மெதுவாக ஓடும், அவனுடைய அளவுகோல் குறுகியிருக்கும். ஆகவே வேகங்களைக் கூட்டும் விதியும் மாறிவிடுகிறது. கரையில் நின்று அளப்பவருக்கு, முதல் அடுக்கில் பாதியாக இருந்த வேகம் இரண்டாவதில் ஐந்தில் நான்கு பங்காகும். மூன்றாவதில் பதினான்கில் பதின்மூன்று. நான்காவதில் நாற்பத்தொன்றில் நாற்பது. ஐந்தாவதில் நூற்றிருபத்திரண்டில் நூற்றிருபத்தொன்று. ஒவ்வோர் அடுக்கும் மீதியுள்ள இடைவெளியை ஏறக்குறைய மூன்றில் ஒன்றாக்குகிறது. எத்தனை அடுக்குகள் அடுக்கினாலும் அந்த இடைவெளி சூனியமாவதில்லை.

இதைவிட ஆச்சரியமானது அந்த ராக்கெட்டினுள் இருப்பவனுடைய அனுபவம். ஐந்து அடுக்குகளும் எரிந்து தீர்ந்த பிறகு அவன் முன்னோக்கி ஒரு விளக்கை ஏற்றினால், அந்த ஒளி அவனை விட்டு விநாடிக்கு அதே 2,99,792 கிலோமீட்டர் வேகத்தில்தான் விலகிச் செல்லும். புறப்படும்போது ஒளி அவனுக்கு எவ்வளவு முன்னால் இருந்ததோ, இத்தனை சக்தியைச் செலவழித்த பின்னும் அதே அளவு முன்னால்தான் இருக்கிறது. எவ்வளவு விரட்டினாலும் ஓர் அடிகூட நெருங்காத ஒன்றை எட்டிப் பிடிப்பது எங்ஙனம்? பாதையின் கோடியில் யாரோ சுவர் எழுப்பியிருப்பதாக எண்ணுவது பிழை; பாதையை அளக்கும் தூரத்திலும் காலத்திலுமே இந்த எல்லை இழைந்து கிடக்கிறது.

பழைய நூல்களில், வேகம் கூடக்கூடப் பொருளின் நிறை பெருகுகிறது என்றும், பெருத்துப் போனதைத் தள்ளுவது கடினமாகிறது என்றும் எழுதியிருப்பார்கள். கணக்குக்கு அது பிழையன்று. ஆயினும் இறால் பருத்துவிட்டதாகப் பாமரர் மயங்க இடமிருப்பதால், இக்காலத்தார் அப்படிச் சொல்வதைத் தவிர்க்கிறார்கள். இறாலோடு கூடவே பிரயாணம் செய்பவருக்கு அது என்றும் ஒரு கிலோதான். மாறுவது, சக்திக்கும் வேகத்துக்கும் உள்ள உறவு. ஒரு பொருளுக்கு நிறை உண்டு என்றால், அது அசையாது இருக்கும் நிலை என்ற ஒன்று அதற்கு உண்டு. அந்த நிலையிலிருந்து பார்த்தால் ஒளி முழுவேகத்தில் பறந்துகொண்டிருக்கும். ஆகவே ஒளியோடு இணையாக ஓடும் பேறு அதற்கு இல்லை. நிறையே இல்லாத ஒளிக்கோ அசையாதிருக்கும் நிலை என்பதே கிடையாது. பிறந்த கணம் முதல் மறையும் கணம் வரை வெற்றிடத்தில் அந்த ஒரே வேகத்தில் போவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

பரிசோதனையின் சாட்சி

அனுமானம் எவ்வளவு அழகாயிருந்தாலும் பிரத்தியட்சம் வேண்டுமென்பது விஞ்ஞானத்தின் விதி. அமெரிக்காவில் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த வில்லியம் பெர்டோஸி என்பவர் மாணாக்கர்களுக்கு விளங்கும்படி செய்து காட்டி 1964-இல் வெளியிட்ட பரிசோதனை, எளிமையில் நிகரற்றது. எலெக்ட்ரான்களுக்குச் சக்தியூட்டி, 8.4 மீட்டர் நீளமுள்ள வெற்றிடப் பாதையில் ஓடவிட்டு, அவை அதைக் கடக்கும் நேரத்தை அவர் அளந்தார். ஊட்டிய சக்தியை முப்பது மடங்கு உயர்த்தியபோது, நியூட்டன் விதிப்படி எலெக்ட்ரான்கள் ஒளியைப்போல் ஏழரை மடங்கு வேகத்தில் பறந்திருக்க வேண்டும். அவையோ நூற்றில் 87 பங்கு வேகத்திலிருந்து புறப்பட்டு, நூறை ஒட்டி வந்து நின்றுவிட்டன. சக்தி உண்மையிலேயே அவற்றுக்குள் சென்றதா என்று ஐயுறுவார்க்கு விடையாக, பாதையின் முடிவில் ஓர் அலுமினியத் தகட்டை வைத்து, எலெக்ட்ரான்கள் மோதியதால் அது எவ்வளவு சூடேறுகிறது என்பதையும் அளந்தார். கொடுத்த சக்தி குறையாமல் வெப்பமாகத் திரும்பி வந்தது.

நம் நாட்டில் இந்தூர் நகரத்திலுள்ள ராஜா ராமண்ணா ஆராய்ச்சி நிலையத்தில், 172 மீட்டருக்குச் சற்று மிகுந்த சுற்றளவுள்ள இண்டஸ்-2 என்னும் வளையம் இருக்கிறது. அதற்குள் விடப்படும் எலெக்ட்ரான்கள் ஏற்கெனவே ஒளியைவிட விநாடிக்குச் சுமார் 130 மீட்டரே குறைந்த வேகத்தில் வருகின்றன. வளையத்துக்குள் அவற்றின் சக்தி நான்கரை மடங்காக உயர்த்தப்பட்டதும், அந்தக் குறைவு ஆறு மீட்டராகச் சுருங்குகிறது, அவ்வளவுதான் லாபம். 2017 முதல் இந்தியா இணை உறுப்பினராக உள்ள ஜெனீவாவின் செர்ன் நிலையத்தில், 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான்களின் சக்தியைப் பதினைந்து மடங்கு உயர்த்தினாலும், வேகம் விநாடிக்கு ஒரு கிலோமீட்டர்கூடக் கூடுவதில்லை. முடிவில் ஒளிக்கும் அவற்றுக்கும் உள்ள வித்தியாசம் விநாடிக்கு மூன்று மீட்டர் அளவே. ஆனால் அந்த மூன்று மீட்டரை எந்தப் பொறியாளரும் எதிர்காலத்தில் துடைத்துவிடப் போவதில்லை.

எதிர்ச்சாட்சி சொல்லப்பட்டதும் உண்டு. 2011 செப்டம்பரில், நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஒளியை முந்திவிட்டதாக இத்தாலியின் மலைக்குகை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த செய்தி உலகத்தையே பரபரப்பில் ஆழ்த்தியது. சில மாதங்களில், சரியாகச் செருகப்படாத ஓர் ஒளியிழை இணைப்பே முக்கியக் காரணம் என்று தெரியவந்து, நியூட்ரினோக்கள் பழைய இடத்துக்கே திரும்பின. அணு உலைகளின் நீர்த்தொட்டிகளில் தோன்றும் அழகிய நீலவொளியைக் காட்டி, அங்கே எலெக்ட்ரான்கள் ஒளியை முந்துகின்றனவே என்று கேட்பாரும் உண்டு. நீருக்குள் ஒளியே முக்கால் வேகத்துக்குத் தளர்ந்துவிடுவதால், அதை முந்துவது குற்றமாகாது. வெற்றிடத்தில் ஒளிக்குள்ள வேகமே மீற முடியாத எல்லை.

இந்த எல்லையின் மறுபக்கமாகிய காலத்தின் தளர்ச்சிக்குச் சாட்சி தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வானத்தின் உச்சியில், பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு அருகில், அண்டக் கதிர்கள் காற்றணுக்களோடு மோதுவதால் மியூவான் என்னும் துகள்கள் பிறக்கின்றன. இவற்றின் சராசரி ஆயுள் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கும் சொச்சமுமே. அந்தச் சிறு பொழுதில் ஒளிகூட 660 மீட்டர்தான் போகும் என்பதால், இவற்றுள் மிகப் பெரும்பாலானவை தரையைக் காணாமலே மடிந்திருக்க வேண்டும். ஆனால் நம் உள்ளங்கையை நீட்டினால் ஓரிரு விநாடிக்கு ஒன்று வீதம் அதை ஊடுருவிச் செல்கிறது. ஒளியை நெருங்கிய வேகத்தில் வருவதால் அவற்றின் உள்ளிருக்கும் காலம் நம் காலத்தைவிட மெதுவாக ஓடுகிறது, ஆயுள் நீள்கிறது. இத்தகைய துகள்களின் அழிவு காலத் தளர்ச்சிக்குச் சோதனையாக அமையும் என்று 1938-இலேயே சுட்டிக்காட்டியவர் ஹோமி பாபா. 1941-இல் ராஸி, ஹால் என்ற இருவர் அமெரிக்க மலையொன்றில் அளந்து அதை மெய்ப்பித்தார்கள். இன்று உதகமண்டலத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம், நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்களைப் பதிவு செய்கிறது. அவற்றுள் ஒவ்வொன்றும் ஐன்ஸ்டைனுக்குச் சாட்சி சொல்லிவிட்டே மறைகிறது.

கப்பலில் சென்ற சென்னை மாணவர்

எட்ட முடியாத ஒரு வேகத்தைப் பற்றி இவ்வளவு விசாரித்து நமக்கு ஆகப்போவது என்ன என்று கேட்பவர்க்கு விடை, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துத் தேறிய பத்தொன்பது வயது இளைஞர் ஒருவரின் வாழ்க்கையில் கிடைக்கிறது. சுப்பிரமணியன் சந்திரசேகர், உயர்படிப்புக்காக 1930 ஜூலை 31-இல் பம்பாயிலிருந்து கப்பலேறினார். கேம்பிரிட்ஜில் அவருக்கு ஆசிரியராக வாய்க்கவிருந்த ரால்ஃப் ஃபௌலர், எரிபொருள் தீர்ந்து பூமியளவாகச் சுருங்கிப்போன வெண்குறுமீன்கள் தம் சொந்தப் பாரத்தால் நசுங்காமல் நிற்பது எப்படி என்பதை 1926-இல் விளக்கியிருந்தார். எலெக்ட்ரான்களை ஒடுங்கிய இடத்தில் அடைத்தால், குவாண்டம் நியதியின்படி அவை ஒன்றோடொன்று ஒரே நிலையில் இருக்க மாட்டாமல், மேலும் மேலும் வேகங்கொண்டு வெளியே உந்துகின்றன. அந்த உந்துதலே நட்சத்திரத்தைத் தாங்குகிறது.

கடற்பிரயாணத்தில் இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த சந்திரசேகர், அத்தகைய நட்சத்திரத்தின் மையத்தில் எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்கதாகிவிடுகிறது என்பதையும், ஃபௌலர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் கண்டார். இங்கேதான் நம் எல்லை தன் பயங்கரத்தைக் காட்டுகிறது. ஒரு துகள் சுவரைத் தள்ளும் அழுத்தம், அதன் மோதும் வலிமையையும், எவ்வளவு விரைவாக அது வந்து மோதுகிறது என்பதையும் பொறுத்தது. நட்சத்திரத்தின் பாரம் கூடக்கூட எலெக்ட்ரான்களின் மோதும் வலிமை ஏறும். ஆனால் வேகமோ ஒளியின் வாசலில் வந்து நின்றுவிடும். இரண்டும் சேர்ந்து ஏற வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் ஏறுவதால், ஒரு கட்டத்துக்கு மேல் அழுத்தம் ஈர்ப்பின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க இயலாது. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையுள்ள வெண்குறுமீன் எதுவும் நிலைத்து நிற்க முடியாது என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது.

அந்த முடிவு எளிதில் ஏற்கப்படவில்லை. 1935 ஜனவரி 11-இல் லண்டன் அரச வானவியல் சங்கத்தின் கூட்டத்தில், அக்காலத்தின் தலைசிறந்த வானவியலாளரும், 1919-ஆம் ஆண்டுக் கிரகணத்தின் வாயிலாக ஐன்ஸ்டைனின் புகழை உலகறியச் செய்தவருமான ஆர்தர் எடிங்டன், ஒரு நட்சத்திரம் இப்படி அலங்கோலமாக ஒடுங்கிப்போவதை இயற்கையே தடுத்துவிடும் என்று பரிகாசம் கலந்து பேசினார். தடுக்கும் விதி ஒன்றும் இல்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. எல்லை மீறிய நட்சத்திர மையங்கள் நியூட்ரான் நட்சத்திரங்களாகவும் கருந்துளைகளாகவும் ஒடுங்குவதும், எல்லையை நெருங்கிய சில வெண்குறுமீன்கள் வெடித்துச் சிதறுவதும் இன்று வானவியலின் அரிச்சுவடியில் சேர்ந்துவிட்டன. சந்திரசேகருக்கு நோபல் பரிசு 1983-இல் வந்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்து மூன்று.

இத்தனைக்கும் பிறகு, விண்மீன்களுக்குப் பிரயாணம் செய்யும் ஆசையை மனிதன் விட்டுவிட வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் நாலேகால் ஒளியாண்டுத் தூரத்தில் இருக்கிறது. ஒளியின் வேகத்தில் நூற்றில் 99.5 பங்கு வேகத்தோடு செல்பவன் தன் கடிகாரப்படி ஐந்தே மாதத்தில் அங்கே போய்ச் சேரலாம். நியதி வேகத்தைத் தடுத்தாலும், காலத்தைச் சுருக்கிக் கொடுத்து ஓரளவு ஈடு செய்கிறது. ஆனால் ஒவ்வொரு கிலோவுக்கும் வல்லூரின் பதினேழு ஆண்டு மின்சாரம் விலையாகக் கேட்கும்.

ஒளியை முந்தும் வழி ஒன்று இருந்திருக்குமானால், ஒருவருக்கு முன்னே நடந்தது மற்றொருவருக்குப் பின்னே நடந்ததாகி, காரணத்துக்கு முந்திக் காரியம் வந்து நிற்கும் குழப்பம் நேர்ந்திருக்கும். வலை வீசிய பிறகே மீன் அகப்படும் என்ற சாமானிய நம்பிக்கைக்குக்கூட இந்த எல்லைதான் காவல். ஆகவே ஒளியின் வேகத்தை நாம் அடைய முடியாமையை மனித முயற்சியின் தோல்விப் பட்டியலில் எழுதுவது பொருந்தாது. அந்த முடியாமையை முடியாமையாகவே ஏற்று, அதைத் தளராமல் கணக்கிட்ட காரணத்தால்தான், ஒரு நட்சத்திரத்துக்கும் போகாமலே, நட்சத்திரங்கள் எப்படி முடியும் என்பதைக் கப்பல் தளத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தமிழ் மாணவரால் சொல்ல முடிந்தது.